மறைக்கச் சொன்ன செட்டிங்

"மத்த எல்லாத்தையும் காட்டலாம். இந்த ஒண்ணை மட்டும் மறைச்சிடு" என்றாள் மய்சூன், திரையில் விரலை வைத்து.

அவளோடு வேலை பார்க்கும் லைத் திரும்பவும் பார்த்தான். அம்மான் நகரத்தின் அந்தச் சின்ன அலுவலகம் கல்லூரி மாணவர்களுக்காக ஒரு டீபக்கர் தயாரித்திருந்தது. புரோகிராம் எந்த வரியில் தடுக்கி விழுகிறது என்று நிறுத்திக் காட்டும் கருவி. அதில் எந்தெந்த செட்டிங் மாணவர்கள் கண்ணில் படலாம், எதை உள்ளே ஒளித்துவைப்பது என்று வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை என்பதால், வியாழக்கிழமையான இன்றே முடிவாக வேண்டும்.

மற்ற எதற்கும் மய்சூன் அடம்பிடிக்கவில்லை. இந்த ஒன்றுக்குத்தான்.

"'லைப்ரரிக்குள்ளயும் போய்ப் பார்'. அதுதானே? ஏன் மறைக்கணும்?"

"பசங்க குழம்பிடுவாங்க. லைப்ரரிங்கறது அவங்க எடுத்துப் பயன்படுத்திக்க நாம எழுதிக் கொடுக்கிற ரெடிமேட் வரிகள். அதுக்குள்ள அவங்களுக்கு என்ன வேலை? அவங்க வரியில வந்து நின்னா போதும்."

"தப்பு நம்ம லைப்ரரியில இருந்தா? அப்பவும் அவங்க வரியிலதான் நிக்கும். தன் தப்புன்னு நெனச்சு ராப்பகலா தேடுவாங்களே!"

"இர்பித் காலேஜ்ல ஒரு பொண்ணு அப்படித்தான் தேடிக்கிட்டு..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அவ அனுப்பின புரோகிராமை நான் பாத்துக்கறேன். நீ இப்ப மூடி வை. ஞாயித்துக்கிழமை வேணும்னா திறந்துக்கலாம்."

"இன்னைக்கு மூடி ஞாயித்துக்கிழமை திறக்க இதென்ன கடையா?"

"பாஷா" என்று வழக்கம்போல் அவனைச் சீண்டினாள், "இன்னைக்கு நம்ம முதலாளி அபூ ஃபிராஸ் உன் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட வர்றார். ஆபீஸுக்கே குனாஃபா ஸ்வீட் வாங்கித் தரணும், தெரியுமில்ல? போய் அந்தக் கவலையைப் படு."

லைத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே போன ஒரே ஒரு பிழைக்காக, அவனுக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவனை அபூ ஃபிராஸ் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அதனால் எதையும் நாலு தடவை யோசித்துத்தான் செய்வான். இப்போதும் யோசித்தான். லைப்ரரி மய்சூன் பொறுப்பு; அவன் அங்கங்கே சில வரிகள் எழுதிக் கொடுத்ததோடு சரி. அவள் மறைக்கச் சொல்வதும் அதைத்தான். தன் தப்பை மூடப் பார்க்கிறாளோ? நாம்தான் தப்பாக நினைக்கிறோமோ?

மாலையில் முதலாளி அபூ ஃபிராஸ் தேநீர்க் கோப்பையோடு வந்து உட்கார்ந்தார். புரோகிராம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. செட்டிங்குகளை எல்லாம் பார்த்துவிட்டு, "மறைச்சு வெச்சது ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் மய்சூன்.

"ஒண்ணு இருக்கு" என்றான் லைத்.

மய்சூன் அவனை முறைத்தாள். அவன் நிற்கவில்லை. இர்பித் பெண்ணின் புரோகிராமைத் தேடியெடுத்து, அந்த செட்டிங்கைப் போட்டு ஓடவிட்டான். டீபக்கர் அவளுடைய வரிகளைத் தாண்டி, லைப்ரரிக்குள் இறங்கி, ஒரு வரியில் சிவப்பாக நின்றது.

மய்சூன் சட்டென்று எழுந்து வந்து திரையின் இடது ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"பாருங்க, தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல. நம்ம மேல" என்றான் லைத்.

"நம்ம மேலன்னா? யார் எழுதின வரி அது?"

"நான்தான்" என்றாள் மய்சூன்.

அபூ ஃபிராஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "உன்கிட்ட இதை எதிர்பார்க்கலம்மா." பிறகு லைத்தின் தோளைத் தட்டி, "துணிச்சல்காரன்தான் நீ! இந்த செட்டிங் வெளியிலேயே இருக்கட்டும்" என்றவர், அவனுடைய காகிதத்தில் கையெழுத்திட்டுவிட்டுக் கிளம்பினார்.

லைத்துக்கு அவள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"கோவமா? காலையிலேயே உண்மையைச் சொல்லியிருந்தா, நான் இப்படிப் பண்ணியிருக்க மாட்டேன்."

மய்சூன் திரையிலிருந்து கையை எடுத்தாள். ஒவ்வொரு வரியையும் எழுதியவர் யார் என்று காட்டும் அந்த ஓரத்தில், சிவப்பு வரிக்கு நேராக 'லைத்' என்று இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வந்ததும் முதல் வேலையா அதைச் சரி பண்ணிடு, பாஷா" என்றாள்.