அம்புக்குறிக்கு அலகு கிடையாது

ஓசூர் வியாபாரி முப்பது ஷாட் வாணவெடிப் பெட்டியைக் கையில் வைத்து நாலு தரம் புரட்டினார்.

மேலும் கீழும் ஒரே தங்கத்தாள். திரியோ பக்கவாட்டில். எது தலை, எது கால் என்று பிடிபடவில்லை.

இந்த ஒரு பெட்டி ஒழுங்காக வெடித்தால் சீசன் முழுக்க அவர் ஆர்டர்தான். மணிமுத்து சாருக்கு ஆலோசகர் பதவியும் உண்டு. வாசலில் போர்டே வைப்பதாக, பட்டாசுக் கம்பெனி முதலாளியான சாரின் மருமகன் பாலகுரு வாக்குக் கொடுத்திருந்தான்.

சார் முப்பத்தைந்து வருஷம் இயற்பியல் நடத்தியவர். விடைத்தாளில் இமயமலையையே தூக்கி வைத்தாலும், பக்கத்தில் மீட்டர் இல்லாவிட்டால் முட்டைதான். பந்தியில் 'இன்னும் ரெண்டு' என்று கேட்டவரை, ரெண்டு கிலோவா லிட்டரா என்று மடக்கிப் பட்டினி போட்டவர்.

போன வாரம் இந்தப் பெட்டியின் லேபிளும் அவர் கையில் சிக்கியது. 'வேகம்: விநாடிக்கு 40 மீட்டர். உயரம்: 60 மீட்டர்.' கொட்டை எழுத்தில் எழுதிச் சேர்த்தார். எழுத்தைச் செங்குத்தாகத் திருப்பிப் போட்டும் இடம் போதவில்லை. மேலே பார்த்து நின்ற அம்புக்குறியை ஒரே கோட்டில் அடித்தார்.

லேபிள் ஒட்டும் குருவம்மாள்தான் வாயைத் திறந்தாள். "அம்பை எடுத்துட்டீகளே சார், எந்தப் பக்கம் மேலன்னு வாங்குறவுக எப்படிக் கண்டுபிடிப்பாக?"

"மேலங்கிறதுக்கு எந்த ஊர்லம்மா அலகு இருக்கு?"

ஷெட்டே சிரித்தது. அவள் பசையைத் தடவப் போய்விட்டாள்.

வியாபாரி ஏதோ ஒரு பக்கத்தை நம்பிப் பெட்டியைத் தரையில் வைத்தார். பற்றவைத்தார். ஓடி வந்தார்.

முப்பது ஷாட்டும் பூமியைக் குத்தின. பெட்டி தவளையாகத் துள்ளியது. கரிசல் மண் பனை உயரம் எழும்பி, நிதானமாக யோசித்து, வியாபாரியின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. ஆமத்தூர் வரை நாய்கள் குரைத்தன.

வியாபாரி மண்ணைத் தட்டவும் நிற்காமல் காரில் ஏறினார்.

வேகத்தில் விநாடிக்கு ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை என்று சார் மருமகனிடம் விளக்கினார். பாலகுரு மறுக்கவில்லை. குருவம்மாளைக் கூப்பிட்டு, பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் கொடுத்தான்.

சொன்ன சொல் தவறாத பிள்ளை. மறுநாள் காலை வாசலில் போர்டு பளபளத்தது. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

பெயர் இல்லை. பதவி இல்லை. அலகும் இல்லை.

ஓர் அம்புக்குறி மட்டும், பஸ் நிற்கும் பக்கமாக.