எங்கள் வரம்புக்குள் வராது

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்த நர்ஸம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அதிகாரிக்கு அன்றைக்கு இது ஒன்பதாவது ஆள். எல்லாருமே ஒரே இணையச் சந்தையில் பங்கு வாங்கி ஏமாந்தவர்கள்.

"கம்பெனி ஒரு நாட்டுல, கம்ப்யூட்டர் இன்னொரு நாட்டுல. முதலாளி எங்கேன்னு அந்த ஆண்டவனுக்கே தெரியாது. நான் யார் சட்டையைப் பிடிக்கிறதும்மா?"

"அப்ப என் புகார் சார்?"

"பதில் தந்துடறேன்."

ஆறு வருடமாக ஒரே பதில்தான். புகார் கொடுத்தவரின் பெயர் மட்டும் மாறும். ஒரு நகல் அந்தக் கம்பெனிக்கும் போகும். அது ஆபீஸ் முறை. கொட்டாவியை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"நீங்க படிச்சவங்க. முகம் தெரியாதவனை எதை நம்பிம்மா பணம் கட்டினீங்க?"

"சும்மா நம்பல சார். உங்க ஆபீஸ் கடுதாசியே காட்டினாங்க."

"போலியா இருக்கும்."

நர்ஸம்மா செல்போனை நீட்டினார். அந்தச் சந்தையின் முதல் பக்கத்திலேயே, பொன்னிறச் சட்டத்துக்குள் ஒரு கடிதம். 'மேற்படி நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுக்க இவ்வலுவலகத்துக்கு அதிகாரமில்லை.'

"அரசாங்கமே எங்க மேல கை வைக்க முடியாதுன்னு சொன்னாங்க. அவ்வளவு சுத்தமான கம்பெனின்னு நெனச்சிட்டேன் சார்."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கீழே இருந்த கையெழுத்து போலியில்லை. மேசைமேல் அதே கையெழுத்து இன்னும் மை காயாமல் கிடந்தது.