தேய்த்துக் கொண்டுவந்த நம்பர்

பழைய டிராக்டருக்கு உதிரிபாகம் கேட்டால், வாயால் சொல்லும் நம்பரை அந்தக் கடைக்காரர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். துரு ஏறினால் மூன்றும் எட்டாகத் தெரியும். நம்பர் தகட்டின் மேல் காகிதம் வைத்து, பென்சிலால் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். கூடப்பிறந்த அண்ணன் பிரேக் ஷூ கேட்டபோதும் அதே கறார்தான். "தேய்ச்சுக் கொண்டுவா, தர்றேன்." அண்ணன் திரும்பிப் போன வழியில், சரிவில் வண்டி நிற்கவில்லை; அண்ணன் பிழைக்கவில்லை.

அந்த வண்டியைக் கடைக்காரரே பிரித்து விற்றுப் பத்து வருஷமாகிறது. தகடு மட்டும் கடைச்சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதைப் பெயர்த்தபோது உளி பட்டு, நம்பரின் நடுவிலிருந்த ஏழு சிதைந்துவிட்டது.

இன்று காலை, பக்கத்துத் தையல்கடைக்குப் புதிதாக வந்த பெண் ஒரு காகிதத்தை நீட்டினாள். பென்சில் தேய்ப்பு. 40713. ஏழு முழுசாக இருந்தது.

"யாரும்மா குடுத்தா?"

"வாசல்ல டிராக்டர்ல ஒருத்தர். தேய்ச்சுக் கொண்டுவந்தா பிரேக் ஷூ தர்றேன்னு சொன்னீங்களாமே?"

"உள்ள வரச் சொல்லு."

"இறங்க முடியாதாம். பிரேக் சரியா பிடிக்கல, கால எடுத்தா வண்டி உருண்டுடுமாம்."

கடைக்காரர் வாசலுக்கு ஓடினார். வெறும் வெயில். ஒரு சத்தமும் இல்லை. உள்ளே, ஆணியில் தொங்கிய தகடு மட்டும் ஓடுகிற எஞ்சினின் மேல் இருப்பதுபோல் சுவரில் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.