பக்கத்து வீட்டு மனு

“உங்க வீட்டு வருமானத்தைத் தப்பாக் காட்டியிருக்கீங்கன்னு மனு வந்திருக்கு, தாத்தா” என்றார் தாலுகா ஆபீசிலிருந்து வந்த வில்லேஜ் அக்கவுண்டன்ட் சம்பங்கி.

முனியப்பனின் பார்வை உடனே பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனது. அங்கே எட்மண்ட் நாற்காலி போட்டு, பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்தார்.

“யாரு போட்டது?”

“பேரைச் சொல்லக்கூடாது.”

“நீங்க சொல்லவே வேணாம். முப்பத்தெட்டு வருஷமா காத்துக்கினு இருந்தான் இந்தாளு. கடைசில என் பேத்தி படிப்புல கை வச்சுட்டான்.”

பேப்பர் அசையவில்லை.

தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் விஷயம் பரவ ஐந்து நிமிஷம் போதும். எதிர் வீட்டு மரியகுழந்தை அரிசி முறத்தோடு வந்து நின்றாள்.

“இன்னா மாமா, நேத்ராவுக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்காதா? தொண்ணூத்தஞ்சு பர்சன்ட் எடுத்த பொண்ணாச்சே.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள லிஸ்ட்ல பேர் வரலைன்னா இன்ஜினியரிங் சீட்டே போயிடும். அது தெரிஞ்சுதானே மனு போட்டிருக்கான்.”

“கிரண் இருந்தா நேரா ஆபீசுக்கே போய்க் கேட்டிருப்பான். தீபாவளிக்காவது வருதா உங்க புள்ள?”

“லீவு கிடைச்சா வருவான்” என்றார் முனியப்பன்.

எண்பத்தேழில் முனியப்பன், ஆட்களின் வருகையும் சம்பளக் கணக்கும் எழுதும் மைன்ஸ் டைம் ஆபீசில் கிளார்க். எட்மண்டுக்கு அண்டர்கிரவுண்டில் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை. அந்த நாளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு மாதிரி. கிறிஸ்துமஸ் கேக் இந்தப் பக்கம் வரும், தீபாவளி அதிரசம் அந்தப் பக்கம் போகும். சங்கு ஊதி ஷிப்ட் முடிந்து வந்தால் எட்மண்டுக்கு முதல் டம்ளர் டீ முனியப்பன் வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே சைக்கிளில் ஆண்டர்சன்பேட்டைக்குக் கறி வாங்கப் போவார்கள். வழி முழுக்க எட்மண்டண்ணே, எட்மண்டண்ணே என்று முனியப்பன் வாய் ஓயாது.

அப்புறம் எட்மண்டின் மகன் லாய்டுக்கு காலேஜ் ஸ்காலர்ஷிப் வந்தது. சம்பள சர்டிபிகேட்டில் முனியப்பன் ஓவர்டைமையும் சேர்த்து எழுதினார். வருமானம் வரம்புக்கு மேல் போய்விட்டது. லாய்டின் படிப்பு நின்றது.

“ஓவர்டைமை விட்டுட்டு எழுதியிருந்தா உன் கை இன்னா தேஞ்சா போயிருக்கும்?” என்று டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்று, அத்தனை பேர் முன்னால் எட்மண்ட் கேட்டார்.

“உள்ளதை எழுதறவன் நான்” என்றார் முனியப்பன்.

அதுதான் கடைசிப் பேச்சு. மைன்ஸ் மூடினார்கள், சங்கு நின்றது, லைன் ஆட்கள் காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய்வர ஆரம்பித்தார்கள். இவர்கள் மட்டும் பேசவில்லை.

“எல்லாரையும் கூப்பிடுங்க சார்” என்று முனியப்பன் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். “போன மாசம் வருமான சர்டிபிகேட்டுக்கு வந்தப்ப மாதிரி வாசல்ல வச்சே விசாரிங்க. அஞ்சு பேர் சாட்சியா மகஜர்ல கையெழுத்துப் போட்டாங்களே. ஒளிச்சு மறைக்க எனக்கு ஒண்ணுமில்லை.”

“வேணாம் தாத்தா. உள்ள உட்கார்ந்து பேசலாம்.”

“இன்னாத்துக்கு உள்ள?”

“வாங்க.” சம்பங்கி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். முனியப்பன் வந்ததும் கதவையும் சாத்தினார்.

காசு கேட்கப் போகிறான் என்று முனியப்பன் நினைத்தார்.

கார்மென்ட்ஸ் வேலைக்கு அன்று லீவு சொல்லியிருந்த மருமகள் சுனிதா, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“உங்க மகன் மாசம் பதினோராயிரம் அனுப்பறார்னு போன தடவை சொன்னீங்க. எங்க இருக்கார்?”

“பெங்களூர்ல. கம்பெனி வேலை.”

“எந்தக் கம்பெனி?”

முனியப்பன் தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்கவில்லை.

“கடைசியா எப்ப வந்தார்?”

“சொல்லிடுங்க மாமா” என்றாள் சுனிதா, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு.

“போய் மூணு வருஷம் ஆச்சு.” முனியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எங்க இருக்கான்னு தெரியாது. ஒரு ரூபாய் வந்ததில்லை. வாசல்ல அத்தனை பேர் முன்னாடி கேட்டீங்க. பொண்டாட்டி புள்ளையை விட்டுட்டு ஓடிட்டான்னு எப்படிச் சொல்றது? வரம்பு தாண்டாத மாதிரிதானே சார் சொன்னேன்.”

“தாண்டலைதான். ஆனா மார்க் சமமா இருந்தா, வருமானம் கம்மியா இருக்கிற வீட்டுக்குத்தான் முதல்ல கொடுப்பாங்க. இல்லாத சம்பளத்தைச் சேர்த்து, பேத்தியை நீங்களே லிஸ்ட்ல கீழ தள்ளியிருக்கீங்க.” சம்பங்கி பையிலிருந்து புது பாரம் எடுத்தார். “இவங்க சம்பளத்தை மட்டும் போட்டு இன்னைக்கே மாத்தித் தர்றேன். பேர் மேல வந்துடும்.”

முனியப்பனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அப்போ அந்த மனு?”

சம்பங்கி சாத்திய கதவை ஒரு தடவை பார்த்தார். நாலாக மடித்த தாளை நீட்டினார்.

“காட்டக்கூடாதுதான். படிச்சுட்டுக் கொடுத்துடுங்க.”

எட்மண்டின் கோணல் கையெழுத்து.

‘அய்யா, முனியப்பன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மூன்று வருஷமாக கிரண் குரல் கேட்கவில்லை. மருமகள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. வருமானத்தைத் தப்பாகக் காட்டியிருக்கிறார்கள். சரி செய்து கொடுக்கவும், பெண் படிக்க வேண்டும். மகன் போனது லைனில் வேறு யாருக்கும் தெரியாது. அதனால் வாசலில் வைத்து விசாரிக்க வேண்டாம். உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு கேட்கவும். முனியப்பன் மானஸ்தன்.’