பத்து எண்ணும்வரை

ஓமப்புகை கல்யாண மண்டபத்தை நிறைத்ததும் சௌந்தரிக்கு இழுப்பு வந்துவிட்டது. கைப்பையை அப்படியே தங்கை மஞ்சுளாவின் மடியில் கவிழ்த்தாள். சீப்பு, ஊக்கு, காலையில் புதுக் கம்மல் மாட்டிக்கொள்வதற்காகக் கழற்றிப் போட்டிருந்த பழைய தோடு எல்லாம் விழுந்தன. கூடவே இன்ஹேலரும். அதன் மூடி தொலைந்து ஒரு மாதமாகிறது. எடுத்துக் குலுக்கியபோது உள்ளே பொடியாக ஏதோ உருளும் சத்தம் கேட்டது. நின்று பார்க்க அவளுக்குப் பொறுமையில்லை. வாயில் வைத்து அழுத்தி ஆழமாக இழுத்தாள். டாக்டர் சொல்லியிருந்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு மனத்துக்குள் பத்து எண்ணத் தொடங்கினாள்.

மடியில் கிடந்தவற்றை மஞ்சுளா ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தோடு ரெண்டும் இருக்கு. திருகாணி ஒண்ணைத்தான் காணோம்."

ஏழு வரை எண்ணியிருந்த சௌந்தரி அதற்குமேல் எண்ணவில்லை. மூச்சையும் விடவில்லை.