விதைக்காத தக்காளி

"அடப்பாவி! காய்ச்ச செடியைப் போய்ப் பிடுங்கறியேடா, கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?"

கேரட்காரர் வரப்பிலிருந்து போட்ட சத்தத்தில் அவருடைய மச்சினன் கையிலிருந்த தக்காளிச் செடியை அப்படியே கீழே போட்டான். அக்கா இரண்டு தடவை காப்பியைச் சூடு பண்ணிய பிறகே படுக்கையை விட்டு எழுகிற ஆசாமி அவன். இன்றைக்கு விடிந்தும் விடியாததுமாக வயலில் குனிந்து நிற்கிறானே என்பதே அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

"இல்ல மாமா... கேரட் வயல்ல தக்காளி நின்னா அது களைதானே? இன்னிக்கு அந்தம்மா வேற வர்றாங்க. வயல் சுத்தமா இருக்க வேணாமா?"

"களையாம், களை! கொத்துக் கொத்தாத் தொங்குது, உன் கண்ணு என்ன பின்னந்தலையிலயா இருக்கு? இன்னொரு செடியில கை வச்சே, தெரியும் சேதி!"

அந்தத் தக்காளிதான் இந்த வருஷம் கேரட்காரருக்குப் பெருமை. நாற்று வாங்கவில்லை, விதை தூவவில்லை. கேரட்டுக்கு நடுவே தானாக முளைத்து, தானாகக் காய்த்துக் குலுங்கியது. 'எல்லாம் நம்ம கைராசி' என்று டீக்கடையில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டார்.

அந்தம்மா என்றால், குழந்தைகளுக்கான உணவு தயாரிக்கும் கம்பெனியிலிருந்து நிலத்தைப் பார்க்க வருகிற அதிகாரி. அவர் சரி என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும், இனி விளைகிற கேரட் பூராவையும் கம்பெனிக்காரர்களே வயலுக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள். மண்டியில் தரகர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், வாடுகிற மூட்டையைப் பார்த்து வயிறு எரிய வேண்டாம். அந்த ஒரு வார்த்தைக்காகக் கேரட்காரர் எத்தனையோ நாளாகத் தவம் கிடந்தார்.

அதிகாரி அம்மா வந்ததும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வயலில் இறங்கினார்.

"நேராவே கேட்டுடறேன் ஐயா. இந்த நிலத்துல சாக்கடைக் கசடு ஏதாவது போட்டிருக்கீங்களா? சில பேரு சும்மாக் கிடைக்குதேன்னு அதை எருவாப் போட்டுடறாங்க. அதுல ஈயம், காட்மியம்னு என்னென்னவோ கலந்திருக்கும். கேரட் மண்ணுக்குள்ளயே விளையறது, அதையும் சேர்த்து இழுத்துக்கும். பச்சைக் குழந்தைங்க சாப்பிடற பண்டம் பாருங்க."

"ஐயையோ, என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க!" கேரட்காரர் பதறிப்போனார். "அசல் தொழு உரத்தைத் தவிர ஒரு கைப்பிடி வேற எதுவும் இந்த மண்ணுல விழுந்ததில்ல. விதைப்புக்கு முன்னால இதோ நிக்கிறானே, என் மச்சினன், இவன்தான் அலைஞ்சு திரிஞ்சு லாரி லாரியாக் கொண்டாந்து இறக்கினான். சொல்லேன்டா!"

"ஆமா மேடம்... முதல் தரம்" என்றான் மச்சினன். சொல்லிவிட்டு எங்கிருந்தோ ஒரு குடையைக் கொண்டுவந்து அவர் தலைக்கு மேல் விரித்தான். "இங்க வெயில் மண்டையைப் பொளக்குது மேடம். அந்த மூலைல மரத்தடி நிழல் இருக்கு, அங்க வந்து மண்ணு எடுங்களேன்."

மச்சினனுக்கு இவ்வளவு பணிவு எங்கிருந்து வந்தது என்று கேரட்காரருக்கே பூரிப்பாக இருந்தது. ஆனால் போயும் போயும் அந்த மூலையையா காட்டுவான்! அங்கே கேரட் கொஞ்சம் நோஞ்சான், தக்காளி மருந்துக்குக்கூட ஒன்று கிடையாது.

அதிகாரி அம்மா நிழலில் நின்று நாலைந்து இடத்தில் மண்ணைத் தோண்டிப் பைகளில் போட்டுக் கட்டினார்.

"லேப்ல ஒரு தடவை பார்த்துடுவாங்க. ஆனா எனக்குத் திருப்திதான் ஐயா. இப்பவே எழுதிடறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

கேரட்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. நல்ல சேதி சொன்ன மகராசியை வெறுங்கையோடு அனுப்பலாமா? ஓடிப்போய்த் தோளிலிருந்த துண்டு நிறையத் தக்காளியைப் பறித்துக்கொண்டு வந்தார்.

"மாமா, தக்காளி எதுக்கு மாமா? கேரட் குடுங்க, கேரட்!" மச்சினன் குறுக்கே வந்து விழுந்தான்.

"சீ, தள்ளுடா கஞ்சப் பிசினாறி! நீங்க பிடிங்கம்மா. நான் நடவும் இல்ல, விதைக்கவும் இல்ல. அந்த மூலை ஒண்ணைத் தவிர வயல் பூராத் தானா முளைச்சுக் கிடக்கு. எல்லாம் மண்ணோட மகிமை!" என்று சொல்லி, தானும் ஒன்றை எடுத்து ஆசையாகக் கடித்தார்.

அதிகாரி அம்மாவின் பேனா நின்றது. தக்காளியைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், திரும்பி அந்த நிழல் மூலையைப் பார்த்தார். அப்புறம் வந்த சிரிப்பை அவரால் அடக்கவே முடியவில்லை.

"ஐயா, தக்காளி விதைக்கு லேசுல சாவே கிடையாது. மனுஷன் வயித்துக்குள்ள போயி, சாக்கடையோட போயி, கசடாக் காஞ்சு கிடந்தாலும் மண்ணைக் கண்டா முளைச்சிடும். சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ற இடத்துல போய்ப் பாருங்க, கசடு கொட்டற பக்கமெல்லாம் தக்காளிக் காடுதான்" என்றவர் பேனாவை மூடினார். "அந்த அசல் தொழு உரம் எங்க வாங்கினது?"

கேரட்காரர் வாயிலிருந்த தக்காளியைத் தூவென்று துப்பினார். மெல்லத் திரும்பினார். மச்சினன் குடையைப் போட்டுவிட்டு அதற்குள் பாதி வரப்பைத் தாண்டியிருந்தான்.

"அதுக்குத்தானே மாமா விடியறதுக்குள்ள பிடுங்க வந்தேன், நீங்க எங்க விட்டீங்க!"