நௌட்

மேவிஸ் ஜன்னலோரம் நின்று தேநீர்க் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். அது எப்போதோ உலர்ந்துவிட்டது. கேட்டருகே கிருமிநாசினியில் நனைத்துப் போட்ட வைக்கோல் இன்னும் நாறுகிறது. கோமாரி என்று சொல்லி அரசாங்க ஆட்கள் முந்நூறு ஆடுகளையும் சுட்டு எரித்துவிட்டுப் போய் இன்றோடு ஒன்பது நாள். யார்க்‌ஷர் மலைக்காரர்கள் ஒன்றுமில்லை என்பதற்கு ‘நௌட்’ என்பார்கள், அந்தக் காலத்துச் சொல். அவள் புருஷன் வில்ஃபின் வாயில் ஒன்பது நாளாக அது ஒன்றுதான் வருகிறது.

“ஏதாச்சும் சாப்பிடுறியா?”

“நௌட்.”

“எங்கயாச்சும் வலிக்குதா?”

“நௌட்.”

முதலாவதற்குப் பசியில்லை என்று அர்த்தம். இரண்டாவதற்கு, கேட்காதே என்று.

“உனக்குச் சுவரே தேவலாம்யா. எதிரொலியாச்சும் குடுக்கும்.”

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறான். பட்டிக் கதவருகே காதை விடைத்து உட்கார்ந்திருக்கிறது ஜெஸ், ஆட்டுநாய். அவன் சீட்டியடிக்கிறான். வெறும் புல்வெளியில் கற்சுவரை ஒட்டி அது வளைந்தோடுகிறது. பம்முகிறது, எழுகிறது, இடம் வலமாகத் திரும்பித் திரும்பி எதையோ சரிவில் ஓட்டிக்கொண்டு வருகிறது. வில்ஃப் பட்டிக் கதவைத் திறந்து ஒதுங்கி நிற்கிறான். கடைசி ஆடு நுழைய எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரமும் நிற்கிறான். பிறகு கதவைச் சாத்திக் கயிற்றைக் கட்டுகிறான். வெயில் புல்மீது அசையாமல் கிடக்கிறது.

உள்ளே வந்தவனிடம் மேவிஸ் கேட்கிறாள், கோப்பையைப் பார்த்தபடி:

“எல்லாம் அடைஞ்சிருச்சா?”

“எல்லாம்,” என்கிறான்.